தாஸ் கொடுத்த நீல மீன்

சுனாமிக்கு முந்தைய வருடம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் என் கணவர் கடல்மீன் தொட்டி வைத்திருந்தார். அதில் பச்சை மீன்கள் கூட்டமாக நீந்தும். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த தாஸ் ஆசையாக ஒரு நீல மீனைக் கொடுத்தார். அது பச்சை மீன்களைக் கடித்து விரட்டியது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதில் சண்டையாகி, இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சில வாரங்களில் என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் தாஸ் வலையோடு வந்தார்.

"எடுத்துனு போடான்னு சொன்னான் அண்ணி. நான்தான் ரோசம் பாத்துகினு வரல."

நீல மீனைப் பிடித்து வெளியே எடுத்தார். சற்று நேரத்தில் பாறை இடுக்கில் பதுங்கியிருந்த பச்சை மீன்கள் வெளியே வந்து, பழையபடி சேர்ந்து நீந்தின.

"மாமு, இங்க பாரேன்!" என்று பழக்கத்தில் என் கணவரைக் கூப்பிட்டுவிட்டு, அப்படியே உட்கார்ந்து அழுதார். அதுவரை அழாத நானும் உடைந்துபோனேன்.

யாரோடு மனஸ்தாபம் என்றாலும், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று இருக்க இப்போது என்னால் முடிவதில்லை.