இரண்டு மாஃபிகள்

துபாயின் கராமாவில் மகன் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே ஒரு நம்மூர் உணவகம் இருக்கிறது. போன வாரம் அங்கே கீரை வடை கேட்டேன். பரிமாற வந்தவர் வடநாட்டுக்காரர், வேலைக்குப் புதியவர். என் தலைக்கு மேல் எங்கோ பார்த்தபடி, "மாஃபி, அங்கிள்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வளைகுடாவில் இது ஒரு சொல் அல்ல, இரண்டு. அரபியில் மாஃபி என்றால் இல்லை. இந்தியில் மாஃபி என்றால் மன்னிப்பு. வடை இல்லை என்றாரா, மன்னிக்கச் சொன்னாரா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று மகன் எரிந்து விழுவான். ஆனால் இந்த ஒரு சொல்லின் இரண்டு பொருள்களுக்கு நடுவே விழுந்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான், அமீரகத்தின் கிழக்குக் கரையிலுள்ள புஜைராவில் டைம் கீப்பர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய எண்ணெய்த் தொட்டிகள் எழும்பிக்கொண்டிருந்தன. பேருந்தில் ஏறும் தலைகளையும் இறங்கும் தலைகளையும் எண்ணுவது என் வேலை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. இந்த உணவகத்தில் மேசைகள் பதினொன்று. அவற்றில் ஆடாதவை நான்குதான். கல்லூரியில் நான் படித்தது ஆங்கில இலக்கியம். கிரேக்கர்களின் பழைய சோக நாடகங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன். அந்தப் படிப்பு எனக்குச் சோறு போடவில்லை. எங்கள் ஃபோர்மேனைப் புரிந்துகொள்ள மட்டும் உதவியது.

அவர் சாரம் கட்டும் பிரிவுக்கு ஃபோர்மேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. வந்த புதிதில் ஓர் அரபியின் மீன்பிடிப் படகில் வேலை பார்த்ததால் அரபி நன்றாக வரும். இந்தியில் வேலைக்கான சொற்கள் மட்டும் தெரியும். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் சில சிவப்பு அட்டைகள் இருக்கும். ஒரு சாரத்தில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டால் அதில் யாரும் ஏறக்கூடாது. அவர் தொங்கவிட்டதை மேலாளரே வந்தாலும் கழற்ற முடியாது. அவருடைய ஆட்களில் ஒருவர்கூட விழுந்ததில்லை.

தவறாக ஒன்று நிற்பதை அவரால் தாங்க முடியாது. அது தமக்குச் சாதகமான தவறாக இருந்தாலும் அப்படித்தான். ஒருமுறை, வேறொரு பிரிவு கட்டிய சாரத்துக்காக மேலாளர் இவரை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். பாராட்டு முடியும்வரை பொறுக்காமல், "நாட் மை ஒர்க்" என்று இடைமறித்துவிட்டார். மேலாளருக்கு முகம் கறுத்தது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கிரேக்க நாடகங்களின் தலைவனைப் பற்றி வகுப்பில் படித்தது அன்று எனக்கு நினைவுக்கு வந்தது. அவன் கெட்டவனாக இருக்கமாட்டான். எந்தக் குணம் அவனை மற்றவர்களைவிட உயரத்தில் நிறுத்தியதோ, அதே குணம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓர் அடி கூடுதலாகப் போகும். அவ்வளவுதான். தலைவனின் பெரும்பிழை என்று நாம் எழுதுகிற ஒரு கிரேக்கச் சொல்லுக்கு, அம்பு குறி தவறுவது என்றும் பொருள் உண்டு.

அந்த ஆண்டு அவருடைய மனைவி முதன்முறையாக இங்கே வருவதாக இருந்தது. இத்தனை காலத்தில் அந்த அம்மா விமானத்தையே அருகில் பார்த்ததில்லை. கடலுக்கு அருகில் ஒரு சிறிய அறை எடுத்திருந்தார். என்னை அழைத்துப்போய்க் காட்டினார். ஜன்னலுக்குப் பச்சைத் திரை. கட்டிலில் இரண்டு தலையணைகள், உறை பிரிக்காமல். "எங்க ஊரு மாதிரியே இங்கயும் கடல்லதான் சூரியன் உதிக்குன்னு சொல்லிருக்கேன் சார். நம்பமாட்டேங்கா. வந்து பாக்கட்டும்" என்றார். ஃபோர்மேன் வேலை இருந்தால்தான் மனைவிக்கு விசா. வேலை போனால் அறையும் இல்லை, வருகையும் இல்லை.

விசா கைக்கு வந்த வாரத்தில்தான் அது நடந்தது. வட இந்தியாவிலிருந்து வந்து சில மாதங்களே ஆன ஓர் இளம் பொறியாளர், சிவப்பு அட்டை தொங்கிய சாரத்தில் ஏறத் தொடங்கினார். அண்ணாச்சி கத்தினார். அவர் காதில் வாங்கவில்லை. அண்ணாச்சி ஓடிப்போய், எல்லோரும் பார்க்க, இடுப்புப் பட்டையைப் பிடித்து அவரைக் கீழே இழுத்து இறக்கினார். பிறகு சோதித்தபோது இரண்டு பிடிப்புகள் தளர்ந்திருந்தன. அட்டை சரி. கைதான் தவறு. மேலாளர் இருவரையும் அழைத்தார். ஃபோர்மேன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், இல்லாவிட்டால் ஊருக்குப் போகட்டும் என்று முடிவு சொன்னார்.

மறுநாள் மாலை, பேருந்து புறப்படும் முன், பொறியாளர் எங்களிடம் வந்தார். அவருக்கும் இதை வளர்க்க விருப்பமில்லை. கையை நீட்டி, "மாஃபி மாங்கோ, பாய். கலாஸ்" என்றார். மன்னிப்புக் கேள், முடித்துக்கொள்ளலாம் என்று பொருள். எதைக் கேட்கிறார் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். எந்தச் சொல்லால் கேட்கிறார் என்பதுதான் தெரியாது. நிமிர்ந்து நின்று, தமக்குத் தெரிந்த அரபியில் உரக்கச் சொன்னார்: "மாஃபி!"

பொறியாளரின் முகம் மலர்ந்தது. "அச்சா, அச்சா" என்று அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

பேருந்தில் அண்ணாச்சி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆளு பரவால்ல சார். மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுதேன், கையக் குடுத்துட்டுப் போறான்" என்றார். நான் வெளியே பார்த்தேன். அவரைத் தவிரப் பேருந்தில் நாங்கள் பதினைந்து பேர். எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. பழைய கிரேக்க நாடகத்திலும் மேடையோரம் ஒரு கூட்டம் நிற்கும். பதினைந்து பேர் என்று படித்திருக்கிறேன். தலைவனைப் பார்த்து அஞ்சும், புலம்பும், புத்தி சொல்லும், அவன் விழுந்தபின் பத்திரமாக வீடு போய்ச் சேரும். அன்று எங்கள் கூட்டம் ஒழுங்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தது. பாதி வழியில், பின் இருக்கையிலிருந்த ஒரு சிவகங்கைக்காரருக்கு வாய் நிற்கவில்லை.

"அண்ணாச்சியே மாஃபி கேட்டுப்புட்டாரு. இனிமே நம்மளுக்கு என்னப்பா கௌரவம்?"

சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. அண்ணாச்சி திரும்பினார். "நான் எப்பம்ல கேட்டேன்?"

அவர் என்னைப் பார்த்தார். "இந்தியில் அதற்கு மன்னிப்பு என்று அர்த்தம், அண்ணாச்சி. விடுங்கள். நன்மையாகத்தானே முடிந்திருக்கிறது? வீட்டம்மா வருகிறார்கள்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தம் கையையே, குலுக்கப்பட்ட அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓட்டுநரிடம் போய் வண்டியைத் திருப்பச் சொன்னார். "பாய், ரோக்கோ. வாபஸ்." பெஷாவர்க்காரரான ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். பேருந்து திரும்பியது. உண்மை தெரிவதும் விதி திரும்புவதும் ஒரே கணத்தில் நடந்தால் அதுவே சிறந்த நாடகம் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். வண்டி திரும்பும்போது அது எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்பதை அவர் சொன்னதில்லை.

அலுவலக அறையில் பொறியாளரும் மேலாளரும் இருந்தார்கள். வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டேன். "சார், மை மாஃபி அரபி மாஃபி. யுவர் மாஃபி, நோ" என்றார் அண்ணாச்சி. பொறியாளருக்கு முதலில் சிரிப்பு வந்தது. புரிந்ததும் எழுந்து வந்து, "சோடோ அங்கிள், ப்ளீஸ்" என்று, விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார். மேலாளர் முன்னிலையில் அதற்கு மேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அண்ணாச்சி பையிலிருந்த சிவப்பு அட்டைகளை எடுத்து மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார். அறையைக் காலி செய்த அன்று தலையணைகளை என்னிடம் கொடுத்தார். உறை அப்போதும் பிரிக்கப்படவில்லை.

அவருடைய குறை கர்வம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கர்வம் மட்டும் இருந்திருந்தால், மறுத்துச் சொன்னதோடு அவர் திருப்தி அடைந்திருப்பார். சொல்லாத ஒரு சொல்லைத் தம் கணக்கில் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. தளர்ந்த பிடிப்பைக் கண்டுபிடித்த அதே கண் அது. அதை வேண்டிய இடத்தில் திறக்கவும் வேண்டாத இடத்தில் மூடவும் நமக்கெல்லாம் தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு ஊரிலிருக்கும் அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். பேச்சோடு பேச்சாக, விட்டிருக்கலாமே என்றேன். "சொல்லாத வார்த்தையால நிக்கிற விசா சார் அது. அதுல எப்படி அவளக் கூட்டிட்டு வர?" என்றார். பிறகு அந்த அம்மா பேசினார். நலம் விசாரித்துவிட்டு, சற்றுத் தயங்கிக் கேட்டார்: "ஐயா, அங்க கடல்ல சூரியன் உதிக்குன்னு சொல்லுதாவளே, நெசந்தானா?" நிஜம்தான் என்றேன். "அவுக பொய் சொல்லமாட்டாவ. சும்மா கேட்டேன்" என்றார்.

உணவகத்தில் அந்த வடநாட்டுக்காரர் மறுபடி என் மேசைப் பக்கம் வந்தபோது நிறுத்தி, "தம்பி, நீங்கள் சொன்னது எந்த மாஃபி?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டுப் போய், ஒரு தட்டில் உளுந்து வடை இரண்டு கொண்டுவந்து வைத்தார். நான் கேட்டது கீரை வடை. அண்ணாச்சியாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். நான் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.