ஆளை நீக்குவதற்கான கூலி

நடந்தவை இவை:

1. குளத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், எங்கள் ஸ்டுடியோவில் எடுத்த தன் குடும்பப் படத்தைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தார்.
2. அதில் நிற்கிற மகளை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுத் தரச் சொன்னார்.
3. முதலாளி மூவாயிரம் ரூபாய் ஆகும் என்றார்.
4. கட்டுப்படியாகாது என்று விவசாயி எழுந்தார்.
5. நான் குறுக்கே பேசினேன்.

ஐந்தாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்விட்டு, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு மாடி ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் வருடங்கள். ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கடுகடுப்பான மனிதர். பருத்திக் காசு கைக்கு வந்ததும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, காலில் ஒட்டிய கரிசல் மண்ணை மாடிப்படியிலேயே தட்டிவிட்டு, விரிப்பின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எடுத்து முடித்ததும் பேரம் தொடங்கும். “ஒரு தாளுக்கா இம்புட்டு ரூவா?” என்று யாராவது கேட்டால் அண்ணாச்சி மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி நீட்டுவார். “தாளை சும்மாவே தாரேன். கொண்டுபோய் மாட்டிக்கிடுங்க.”

எனக்கு அது முறையாகப் படவில்லை. குடும்பப் படத்துக்கு ஏன் முந்நூற்றைம்பது ரூபாய் என்பதை வரிசையாக எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினேன். பிலிம், விளக்குகளுக்கான கரண்ட், யாராவது கண்ணை மூடிவிடுவார்கள் என்பதால் எடுக்கும் மூன்று நான்கு படங்கள், நெகட்டிவில் செய்யும் திருத்தம், மதுரைக்குப் போய்வரும் பிரிண்ட், கடை வாடகை, நெகட்டிவைப் பத்திரப்படுத்துவது. விவரம் தெரிந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்பினேன். நேர்மாறாக நடந்தது. “நாங்க கண்ணை மூடமாட்டோம், ஒரு படம் போதும், அந்த ரூவாயைக் கழிச்சிருங்க” என்றார் ஒருவர். “நெகட்டிவை நானே வச்சுக்கிடுதேன், அதுக்கும் குறையும்லா?” என்றார் இன்னொருவர். மூன்றாம் நாள் அண்ணாச்சி அதைக் கிழித்தார். “ஏட்டி, பேரம் பேசத் தெரியாதவனுக்கும் சொல்லிக் குடுத்திருக்கியே.” எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் என் கணக்கில் பிழை இருப்பதாக அப்போதும் தோன்றவில்லை.

அந்த விவசாயி வந்தது அதற்கடுத்த மாதம். படத்தில் ஐந்து பேர். அவரும் மனைவியும் நாற்காலியில், இரண்டு மகன்கள் பக்கத்துக்கு ஒருவராக, மகள் தாய்க்குப் பின்னால். மகள் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் வேலைக்குப் போய், அங்கே துணி வெட்டுகிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வேறு சாதி. இதை அவர் சொல்லவில்லை. “செத்துட்டா” என்று மட்டும் சொன்னார். செத்தவர்களின் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லித்தான் எல்லோரும் வருவார்கள் என்பதால், அவள் சாகவில்லை என்பது எங்களுக்கே விளங்கிவிட்டது. மற்றதை அவர் ஊர்க்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

“படம் எடுக்கவே முன்னூத்தம்பதுதான வாங்குனீய? இப்ப ஆளைச் சேக்கவா சொல்லுதேன்? கழிக்கத்தான சொல்லுதேன். ரூவா குறையத்தான வேணும்?”

“அந்தப் பிள்ளை நிக்க இடத்துல பின்னால என்ன இருந்துச்சுன்னு காமிராவுக்குத் தெரியாதுய்யா. அதை நாங்கதான் உண்டாக்கணும். மூவாயிரத்துக்குக் குறைஞ்சு முடியாது.”

“மூவாயிரத்துக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கிருவேன்.”

“வாங்குங்க. பின்னால பாலாவது குடிக்கலாம்.”

அவர் படத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் நான் சொன்னேன்: “ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல மூணு மணி நேர வேலைதான் அண்ணாச்சி. பிரிண்டும் சேத்து நானூறுக்குள்ள முடிச்சிரலாம்.” கிழித்துப்போட்ட காகிதம் என் மனதில் இருந்திருக்க வேண்டும். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். விவசாயி உட்கார்ந்தார். “பிள்ளை சொல்லுதுல்லா” என்றார். அதன்பின் அண்ணாச்சி அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை.

மூன்று மணி நேரம் என்றது தவறு. இரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பெண் ஒரு கையைத் தாயின் தோளில் வைத்திருந்தாள். முகத்தையும் தாவணியையும் நீக்கிப் பின்னாலிருந்த நீலத் திரையை இழுத்து நிரப்புவது எளிது. தோளில் பதிந்திருந்த நான்கு விரல்கள்தான் கடினம். விரல்களுக்கு அடியில் சேலையின் கட்டம் எப்படிப் போகிறது என்று தெரியாது. மறு தோளிலிருந்து கட்டங்களை எடுத்து, திருப்பி, ஒவ்வொரு விரலாக மூடினேன். நன்றாகவே வந்தது. ஒன்றை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை. தாயின் தலை மகளின் கைப்பக்கம் சாய்ந்திருந்தது. கை போன பிறகும் சாய்ந்தே இருந்தது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரில் இடம் குறைவு; ஆகவே புதிய படத்தைப் பழையதின் மேலேயே பதித்தேன், பழையது அழிந்தது. வேலைப் பட்டியலில் ‘முடிந்தது’ என்று குறித்தேன்.

விவசாயி வாங்க வந்த அன்று அண்ணாச்சி மணியாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். வந்தவர் நானூறு ரூபாயை வைத்துவிட்டு, நெகட்டிவையும் கேட்டார். நெகட்டிவ் கடையை விட்டுப் போகக் கூடாது என்பது அண்ணாச்சியின் வழக்கம். ஆனால் காரணம் சொல்லியதில்லை. விவசாயியின் குடும்பம், அவர் கொடுத்த பணம், அவர் பொருள் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு அம்மா தனியாக மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்தத் தலைச் சாய்வை வைத்துத்தான் யாரென்று கண்டுகொண்டேன்.

“எம்மா, அந்தப் பழைய படத்துல எம்மவ மட்டும் இருக்காப்புல சின்னதா ஒண்ணு போட்டுத் தருவீயளா? பாஸ்போட் அளவு போதும். வீட்ல இருந்த அந்தப் படத்தையும் பள்ளிக்கூடத்துப் படம் எல்லாத்தையும் அவிய அடுப்புல போட்டுட்டாவ. கடையில எப்பவும் இருக்கும்னு அண்ணாச்சி முன்ன சொல்லியிருக்காவ.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜையில் வைத்தார். மடித்து மடித்து நைந்த நூறு ரூபாய்த் தாள்கள். “எம்புட்டு ஆனாலும் எடுத்துக்கோங்க” என்றார். அந்தக் கடையில் நான் இருந்த காலத்தில் விலை கேட்காமல் பணத்தை வைத்தவர் அவர் ஒருவர்தான்.

நெகட்டிவை அவர் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். கம்ப்யூட்டரிலும் இல்லை என்றேன். கம்ப்யூட்டரில் எப்படி இல்லாமல் போகும் என்று அவருக்குப் புரியவில்லை. “தேடிப் பாரும்மா, நான் இங்கன இருக்கேன்” என்றார். அவருக்காகத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவர் பணத்தை முடிந்துகொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி இறங்கினார்.

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி அப்போதுதான் வெளியே வந்தார். “அன்னைக்கு மூவாயிரம்னு நான் என்ன, வேலைக்கா வெலை சொன்னேன்? வேண்டாம்னு போகட்டும்னு சொன்னேன்.”

“அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி.”

“அந்தாளு மொகத்துக்கு நேராவா? நாளைக்கு அவிய ஊர்க்காரங்க ஒருத்தரும் படி ஏறமாட்டாங்க. பொழப்பு நடக்கணும்லா.”

அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. முடியாது என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து அதை ரூபாய்க்குப் பின்னால் ஒளித்துவைத்தார். ஒளித்ததை என்னிடம்கூடச் சொல்லவில்லை. நான் வாங்கிவைத்த நானூறையும் கல்லாவில் போட்டுக்கொண்டார். ஆனால் அந்த மூவாயிரத்தில் அவர் பயம் இருந்தது, ஓரளவு இரக்கமும் இருந்தது. நான் சொன்ன நானூறில் வேலைத்திறனைத் தவிர ஒன்றும் இல்லை. பட்டியலில் எழுத வராத ஏதோ ஒன்று விலைக்குள் இருக்கக்கூடும் என்று எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லவில்லை என்று சாக்குச் சொல்லலாம். சாக்குத்தான்.

அந்த வருடமே ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக் காமிராவை அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு புதியம்புத்தூருக்குப் போனேன். அவளைப் புதிதாக ஒரு படம் எடுத்துத் தாயிடம் சேர்த்துவிடலாம் என்று எண்ணம். இரண்டு தையல் கூடங்களில் விசாரித்தேன். இருவரும் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். முகவரி எவரிடமும் இல்லை, அல்லது தர மனமில்லை.

இப்போது கோவில்பட்டியிலேயே எனக்குச் சொந்தமாக ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. குடும்பப் படத்துக்கு ஆயிரத்து இருநூறு வாங்குகிறேன். எதிர்க் கடையில் அறுநூறு. ஏன் என்று கேட்பவர்களிடம், எல்லாப் படங்களையும் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன், படத்தில் இருக்கிற யார் வந்து கேட்டாலும் தருவேன், எவரையும் நீக்கித் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லுகிறேன். பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போகிறார்கள். அங்கே ஆளை நீக்க இருநூறு ரூபாய்.

அந்த அம்மா மறுபடி வரவில்லை. அவர்கள் ஊர்க்காரர்கள் எப்போதாவது வருகிறார்கள். படம் அந்த வீட்டில் வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறதாம். அதில் நான்கு பேர். ஐந்து பேர் இருந்த படம் எங்கும் இல்லை.