ஏரிப் படித்துறையில் கிடந்த செருப்பு

2006-ஆம் ஆண்டு. பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டு விடுமுறை விட்டிருந்த நேரம். அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் செக்கிங் வேலையில் இருந்தேன். சூளையிலிருந்து இறங்கும் டாய்லெட் பேசின்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று சத்தம் வந்தால் பாஸ். மந்தமாக வந்தால் எங்கோ விரிசல் என்று ஒதுக்கிவைக்க வேண்டும். பதினோரு வருடம் இதையே செய்ததில் என் புத்தியும் அப்படியே ஆகிவிட்டது. கடையில் வாழைப்பழம் வாங்கினாலும் நாலு தடவை திருப்பிப் பார்ப்பேன். யூனிட்டில் எனக்குச் 'சந்தேகப் பிராணி' என்று பெயர்.

மனைவி போன பிறகு இந்தச் சந்தேகமும் பயமும் இரண்டு மடங்காகிவிட்டது. இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், குழந்தையும் தங்காமல், ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்போது மகளுக்கு எட்டு வயது. மனைவியின் அக்கா வந்து, "பொம்பளப் புள்ளைய நீங்க தனியா எப்படி வளப்பீங்க? எங்கிட்ட வுடுங்க" என்று கேட்டார். "என் பொண்ண எனக்குப் பாத்துக்கத் தெரியும்" என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லி அனுப்பிவிட்டேன். யூனிட்டில் உடன் வேலை செய்த ஒரு பெண்ணிடம் கேட்டு ரெட்டை ஜடை பின்னக் கற்றுக்கொண்டேன். தாயும் நானே, தகப்பனும் நானே என்று எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

அந்த விடுமுறையில் யூனிட்டைச் சேர்ந்த நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பேசினோம். சேத்தியாத்தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஏரிக்கரையில், வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் புதிதாகக் கூடாரங்கள் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார். 'குடும்பத்துடன் தங்க ஏற்ற இடம்' என்று நோட்டீஸ் அடித்து, கட்டில் போட்ட கூடாரம், படகு, பிள்ளைகளுக்கு ஊஞ்சல், வெஸ்டர்ன், இந்தியன் இரண்டு வகை டாய்லெட், குளிக்க வெந்நீர் என்று வசதிகளை எல்லாம் போட்டிருந்தார்கள். மகள் அந்த நோட்டீஸை ஸ்கூல் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தாள். ஏழாம் வகுப்பு படித்தாள், பன்னிரண்டு வயது. நான் அப்போதும் அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவேன்.

வேனில் போகும்போதே வயிறு வலிக்கிறது என்றாள். எல்லாரும் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் காரணம் என்று நானே முடிவு செய்து, பையில் தயாராக வைத்திருந்த ஓமத்தண்ணீரை ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தேன். அவள் மறுபேச்சு இல்லாமல் குடித்தாள்.

போய் இறங்கியதும் மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் இடத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். மழை முடிந்த சமயம் என்பதால் ஏரி கரை வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓரம் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். லைஃப் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கொக்கி உடைந்த இரண்டைத் தனியாக எடுத்து வைத்தேன். ஊஞ்சல் சங்கிலி, சமையல் கொட்டகை காஸ் குழாய், குடிதண்ணீர் கேன் எதையும் விடவில்லை. ஆண்கள் டாய்லெட்டில் பேசினைத் தட்டியும் பார்த்துவிட்டேன். எங்கள் ஊர்ச் சரக்குதான்.

பெண்கள் பக்கம் கீற்றுத் தட்டி வைத்து மறைத்திருந்தது. அதையும் பார்த்துவிடலாம் என்று எட்டு வைத்தபோது துப்புரவு வேலை செய்யும் பெண் ஒருவர் பக்கெட்டோடு குறுக்கே வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"அண்ணே, இது பொம்பளைங்க பக்கம். எங்க வரீங்க?"

மகளோடு வந்திருக்கிறேன், தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு நான் நகரும்வரை அங்கேயே நின்றார். நல்லதுக்குச் சொன்னால் நம்மையே ஒரு மாதிரி பார்க்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. இந்த ஆள் மேல் ஒரு கண் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மகளைக் கூப்பிட்டு, என்னிடம் சொல்லாமல் தண்ணீர் பக்கம் போகக் கூடாது என்று பத்துத் தடவை சொன்னேன். சரிப்பா, சரிப்பா என்றாள்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் மற்றப் பிள்ளைகள் ஊஞ்சலுக்கு ஓடினார்கள். இவள் மட்டும் கூடாரத்து வாசலில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். இன்னும் வலிக்குதா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். போய் விளையாடினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, கூடாரத்து முளை ஒன்று ஆடியதால் அதை அடித்து இறுக்கப் போனேன். கல் தேடி, முளையைப் பிடுங்கி, திரும்ப அடித்து, கயிற்றைக் கட்டி நிமிர்வதற்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் மகள் இல்லை.

ஊஞ்சலில் இல்லை. சமையல் கொட்டகையில் இல்லை. கூட வந்திருந்த யூனிட் நண்பரின் மனைவியைப் பெண்கள் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் போய்விட்டு வந்து, "எல்லாக் கதவும் தொறந்துதான் இருக்குது அண்ணே. கடைசியா இருக்கற சாமான் ரூமு மட்டும் வெளியில பூட்டியிருக்குது. பாப்பா அங்க இல்ல" என்றார். அப்போதுதான் ஒரு சின்னப் பிள்ளை, அக்கா படித்துறைப் பக்கம் போனாள் என்று கையைக் காட்டியது.

நான் ஓடினேன். நான் இழுத்து இழுத்துப் பார்த்த கயிறு படித்துறைக்குப் பத்தடி முன்னாலேயே முடிந்துவிட்டிருந்தது. மேலிருந்து மூன்றாவது படியில் மகளின் செருப்பு கிடந்தது. அடுத்த படி தண்ணீருக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. பாப்பா, பாப்பா என்று கத்தியது நினைவிருக்கிறது. எனக்கு நீச்சல் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நெஞ்சளவு தண்ணீரில் நின்று காலால் துழாவிக்கொண்டிருந்தேன். கால்பட்ட ஒவ்வொரு கொடியும் அவள் ஜடையாகத் தோன்றியது. அந்த இடத்து மேனேஜர் விசில் ஊதினார். படகுக்காரர் கழியை விட்டுக் குத்திப் பார்த்தார். அந்தக் கழி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் எதுவும் தட்டுப்படக் கூடாதே என்று சாமியைக் கும்பிட்டேன். கரையில் யாரோ, "எவ்வளவு நேரம் ஆவுது?" என்று கேட்டார்கள். யாரோ பதில் சொன்னார்கள். அந்தப் பதிலைக் கேட்கக் கூடாது என்று நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். மனைவியின் அக்கா முகம் கண் முன்னால் வந்தது. எந்த வாயால் அவரிடம் போய்ச் சொல்வேன்?

அரை மணி நேரம் போயிருக்கும் என்றார்கள் பிறகு. அப்போது ஏரிக்கரை மேலிருந்து ஒரு குரல் கேட்டது. "அண்ணே! அண்ணே! பொண்ணு தண்ணியில இல்ல! இங்க இருக்குது, வாங்க!"

அந்தத் துப்புரவுப் பெண்தான். கக்கத்தில் ஒரு துணி மூட்டையோடு ஓடிவந்துகொண்டிருந்தார். நான் எப்படிக் கரையேறினேன் என்று தெரியவில்லை. அவர் பின்னாலேயே ஓடினேன். அவர் பெண்கள் பக்கம் போய், கடைசி அறைக்கு முன் நின்று, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டைப் பார்த்ததும் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது.

"எம்பொண்ண எதுக்குடி பூட்டி வச்ச?" என்று கையை ஓங்கிவிட்டேன்.

நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் பயப்படவில்லை. கதவுக்கும் எனக்கும் நடுவே நின்று, மற்ற ஆண்களை எல்லாம் தட்டிக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். அவர்கள் போன பிறகு மெதுவாகத்தான் பேசினார்.

"கத்தாதீங்கண்ணே. பொண்ணு பெரியவளாயிருக்குது. முட்டித் தண்ணியில நின்னுகிட்டுப் பாவாடைய அலசிட்டு இருந்துச்சு. இன்னும் ரெண்டு படி எறங்கியிருந்தா ஆளு முழுவிடும். கைய புடிச்சி இழுத்தாந்தேன். பாத்ரூமுல நிக்க முடியல, தல சுத்துதுன்னுச்சு. இந்த ரூமுக்கு உள்ள தாப்பா கெடையாது. ஆம்பளையாளுங்க தொடப்பம் எடுக்க வருவாங்க. அதான் பூட்டிட்டு, மாத்துத்துணி எடுத்தார வூட்டுக்கு ஓடினேன்."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டேன்.

"கேட்டேங்க. அம்மாவ கூப்பிடட்டுமான்னேன், அம்மா இல்லன்னுச்சு. அப்பாகிட்ட சொல்லட்டுமான்னேன். கால புடிச்சிக்கிச்சு. எங்கம்மா இப்படித்தான் ரத்தம் போயிச் செத்துப்போச்சு, நானும் சாவப்போறேன், அப்பாகிட்ட சொல்லாதீங்க, அப்பா ரொம்பப் பயந்துடுவாருன்னு அழுதுச்சு. நீ சாவமாட்ட கண்ணு, எல்லாப் பொண்ணுக்கும் வர்றதுதான்னு நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். நம்பல."

சொல்லிவிட்டு, மூட்டையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஈரத்துணியோடு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. துடைப்பங்களுக்கும் பினாயில் கேன்களுக்கும் நடுவே, கவிழ்த்துப்போட்ட பக்கெட் மேல் மகள் உட்கார்ந்திருந்தாள். வேறு யாருடையதோ பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள். வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே பல் பதிந்து சிவந்திருந்தது. நான் கூப்பிட்டது கேட்கவில்லையா பாப்பா என்றேன்.

"கேட்டுச்சுப்பா. கூட மாமாங்க சத்தமும் கேட்டுச்சு. அழுகை வெளிய கேக்கக் கூடாதுன்னு கைய கடிச்சுக்கிட்டேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏன்பா நனைஞ்சிருக்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் அழுத அழுகை, என் மனைவி செத்த அன்றுகூட அழாதது.

நண்பரின் செல்போனை வாங்கி மனைவியின் அக்காவுக்குப் பேசினேன். பேசினேன் என்றா சொல்வது, அழுதேன். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் குத்திக் காட்டவில்லை. "நீங்க புள்ளைய கூட்டிக்கிட்டு வூட்டுக்கு வாங்க. நான் பொறப்பட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார். இரவு தங்குவதாக இருந்த எல்லாரும் எங்களுக்காக அன்று சாயங்காலமே கிளம்பினார்கள். வேனில் ஏறும்போது நண்பரின் மனைவி, முறைப்படி ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது, அப்பாவும்தான், நீங்கள் முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் உட்காருங்கள் என்றார். அவர் சொன்னது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

வேனில் ஏறுவதற்கு முன்பே அந்தப் பெண்ணைத் தேடிப் போயிருந்தேன். படித்துறையில் துடைப்பம் கழுவிக்கொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டேன். மன்னிச்சிடும்மா என்றேன். "பொண்ணக் காணலன்னா யாராயிருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். நான் திரும்பியபோது, "அண்ணே, அந்தப் பாவாடை எம்பொண்ணுது. அது இருக்கட்டும், திருப்பிக் கொண்டார வேணாம்" என்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஒரு புடவையும், அவர் மகளுக்கு ஒரு பாவாடைத் துணியும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த இடத்தில் ஆளும் இல்லை, கூடாரமும் இல்லை. கரை மேல் கடை வைத்திருந்தவர், அந்தப் பெண்ணின் குடும்பம் கரும்பு வெட்டப் போயிருக்கிறது, எந்த ஊர் என்று தெரியவில்லை என்றார்.

என் பிள்ளைமேல் வைத்த பாசத்தைத்தான் நான் இத்தனை நாளும் பயமாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஜுரம் என்றால் விடிய விடிய நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், தும்மினால் முகம் மாறும். அதை எல்லாம் அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை அந்தக் குழந்தைதான் நான் பயந்துவிடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளைப் பார்த்துக்கொள்வதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். சில நாள் போன் செய்து, "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பாள். அந்த நிமிடம் நெஞ்சு திக்கென்றுதான் அடித்துக்கொள்கிறது, அது இந்த ஜென்மத்தில் மாறப்போவதில்லை. ஆனாலும் செத்துப்போவேன் என்று நினைத்தபோதுகூட என்னிடம் சொல்ல முடியாமல் தன் கையைக் கடித்துக்கொண்ட பிள்ளை, இன்று தானாகச் சொல்ல வருகிறாள் என்பதால், ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, குரல் நடுங்காமல் "சொல்லும்மா" என்கிறேன்.