பல் டாக்டரின் கைத்துப்பாக்கி

அமெரிக்காவில், பேர்லேண்டில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பல் டாக்டர். ஃப்ரீவே விபத்தில் வலது கை நொறுங்கிய பிறகு கிளினிக் பக்கமே போகவில்லை. ஞாயிறுதோறும் கராஜில், மூக்கு நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்து, குறிபார்த்துச் சுடப் பழகும் சின்னக் கைத்துப்பாக்கியைக் கழற்றித் துடைப்பார். கழற்றுவது சுலபம். திரும்ப மாட்டும்போது உள்ளே ஒரு சிறு கம்பி இடம் மாறி எல்லாம் சிக்கிக்கொள்ளும். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கழற்றுவார்.

"கடையில குடுத்தா மாட்டித் தருவாங்களே ஆன்ட்டி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தருவாங்க. என் கை எப்படி இருக்குன்னு அவங்க சொல்லுவாங்களா?" என்றார்.

அன்று மாலை எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஆன்ட்டி தன் விரல்களை விரித்துப் பார்த்தார்.

"மண்டேலேர்ந்து கிளினிக் போறேன். முதல்ல வெறும் க்ளீனிங்தான்."

"முதல் அப்பாயின்ட்மென்ட் எனக்குப் போடுங்க" என்றேன்.