ரெஜினாக்கா சுரண்டி எடுத்த பெயர்

ரெஜினாக்கா இறந்த செய்தி எனக்கு முகநூலில்தான் வந்தது. மலையகத்தில், ஹட்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் எங்கள் இசைக்குழுத் தலைவர் அவருடைய படத்தைப் போட்டிருந்தார். மேலே 'எங்கள் குழுவின் கிட்டார் அரசி' என்று எழுதியிருந்தது. கீழே தன் கடையின் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தார். நான் வேலை செய்யும் மருந்துக் கடையில், கையில் மாத்திரை அட்டையோடு நின்றபடி அதைப் படித்தேன். முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, அருவருப்பு. அந்த மனிதரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் அவருக்கு விளம்பரமாகிவிடும்.

அக்காவின் கணவர் சவரிமுத்து அண்ணனுக்குப் போன் எடுத்தேன். அக்கா நெஞ்சில் சளி கட்டி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாராம்.

அக்காவை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கிட்டார் வாசித்தார். கல்யாண வீடுகளில் எங்களோடு வாசித்தார். நான் கீபோர்டு. என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதனால் நான் அவருக்குத் தம்பி.

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தபோது தலைவரின் கடைக்குத்தான் போனோம். சுவரில் தொங்கிய பெரிய கம்பனிக் கிட்டாரைத் தலைவர் எடுத்துக் காட்டினார். அக்கா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பின்னறையில் பெட்டியோடு கிடந்த ஐந்து மலிவுக் கிட்டார்களைக் கேட்டார். ஐந்தும் ஒரே கம்பனி, ஒரே மாதிரி. ஒன்றை எடுத்துப் பார்த்தால் போதாதா என்று எனக்குச் சலிப்பு. அவரோ ஒவ்வொன்றையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நெடுகப் பார்த்தார். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்திக் கேட்டார். கம்பியை இழுத்துவிட்டு சுருதி நிற்கிறதா என்று மறுபடி பார்த்தார். காலையில் போனவர்கள், மத்தியானம் ஆகிவிட்டது.

"கழுத்து நேரா இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க தம்பி. மத்ததெல்லாம் நம்ம கையால சரி பண்ணிக்கலாம்" என்றார். நான்காவதை எடுத்துக்கொண்டார். சிவப்பு, விளிம்பில் பெயின்ட் உரிந்தது. அது பிள்ளைகள் விளையாடும் சாமான் என்று தலைவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, கடையின் மேல்மாடியில் ஒத்திகை. அதற்குள் அக்கா கையில் குத்திய உலோக முனைகளையெல்லாம் தேய்த்து, கம்பி மாற்றி, கழுத்துக்குள் இருக்கும் இரும்பைச் சாவியால் திருகிச் சரிசெய்திருந்தார். தலைவரைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, அவருடைய விலையுயர்ந்த கிட்டாரிலும் தன்னுடையதிலும் ஒரே மெட்டை வாசித்து, எது நல்ல சத்தம் என்று கேட்டார்.

"ரெண்டாவது. சந்தேகமே இல்ல. வெலைக்கேத்த சத்தம்" என்றார் தலைவர்.

இரண்டாவது, அந்தச் சிவப்புக் கிட்டார். எல்லோரும் சிரித்தோம். ஒலிபெருக்கும் ஆம்ப் சரியில்லை என்றார் தலைவர். அதன் பிறகு அவர் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அடுத்த ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் மத்தியான விருந்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மேடையில் அக்கா தன் கிட்டாரைத் தோளில் மாட்டும்போதுதான் கவனித்தார். அதன் தலையில், சொந்தப் பெயரை மறைத்து, உலகமே அறிந்த ஒரு கம்பனியின் பெயர் ஒட்டப்பட்டிருந்தது.

"போட்டோவுல தெரியணும்ல. பெரிய எடம்" என்றார் தலைவர்.

"இது அவங்க செஞ்சது இல்லயேங்க. பொய்ய தோள்ல மாட்டிக்கிட்டு நான் எப்படி வாசிக்கிறது?"

அக்கா அந்த இடத்திலேயே நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். விருந்தினர் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அப்படியானால் வாசிக்க வேண்டாம், இறங்கிப் போகலாம் என்று தலைவர் சொன்னார். அக்கா எங்களைப் பார்த்தார். டிரம்ஸ்காரர் தன் குச்சிகளைப் பார்த்தார். நான் குனிந்து, ஏற்கெனவே சொருகியிருந்த வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். அக்கா மிச்சப் பெயரையும் சுரண்டி முடித்துவிட்டு, கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவர் வாசிக்க வேண்டியதை நான் கீபோர்டில் வாசித்தேன். தலைவர்மீது எனக்கிருக்கும் அருவருப்பில் பாதி என்மீது இருப்பது அதனால்தான்.

அடக்கத்தன்று தலைவர் மலர்வளையத்தோடு வந்தார். அதில் கடைப் பெயர் அக்காவின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. கல்லறையிலிருந்து லயத்து வீட்டுக்குத் திரும்பியதும், அக்காவின் கிட்டாரைத் தரும்படி சவரிமுத்து அண்ணனிடம் கேட்டார். கடையில் கண்ணாடிப் பெட்டியில் வைப்பாராம், ரெஜினா வாசித்தது என்று எழுதி. அண்ணன் என்ன சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"குடுக்காதீங்கண்ணே" என்றேன். "அக்காவ மேடையில இருந்து எறக்கி விட்டது இவருதான். அன்னைக்கி நானும் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று தலைவர் கேட்டார். சவரிமுத்து அண்ணன் உள்ளே போய் அலுமாரியைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தலைவர் தேநீர்கூடக் குடிக்காமல் போனார். எனக்கு நிம்மதி ஒன்றும் வரவில்லை. அக்கா காதில் விழாத இடத்துக்குப் போன பிறகு பேசுவது சுலபம்.

அந்த ஏப்ரலில், நுவரெலியாவிலிருந்து நாங்கள் திரும்பிய மூன்றாம் நாள், பிள்ளைக்காம்பராக் குழந்தை ஒன்றுக்கு இருமல் மருந்து வாங்க அக்கா என் மருந்துக் கடைக்கு வந்திருந்தார். புரோகிராம் எப்படிப் போனது என்று விசாரித்தார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. நீங்கள் இல்லாமல் எதுவும் சரியாக வரவில்லை என்றேன். அது பொய். விருந்தினர் சாப்பிட்டார்கள், கைதட்டினார்கள், ஒரு கிட்டார் குறைந்ததை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அக்கா மருந்துக்குக் காசை எண்ணி வைத்தார்.

"அப்படியெல்லாம் இருக்காது தம்பி. நீங்க நல்லாத்தான் வாசிச்சிருப்பீங்க."

மருந்தை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வார்த்தைதான். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குக் கூசுகிறது. ஆனாலும் வைத்திருக்கிறேன்.