மொழிபெயர்க்காத கேள்வி

லூயிஷாம் சந்தைக்கு அருகே சீன மருந்துக்கடையைத் தாண்டும்போது, செலரிக் கீரையும் ஈரமண்ணும் கலந்த அந்த வாசம் என்னை நிறுத்திவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பதினொரு வயது. அம்மா, அப்பா இருவருக்கும் ஆங்கிலம் வராது. கவுன்சில் கடிதம் முதல் டொக்டர் வரை நான்தான் அவர்களுக்கு வாய். அம்மாவுக்கு ஓயாத களைப்பு என்று இதே போன்ற கடைக்குப் போனோம்.

"பெண்களுக்கு இரத்தம் ஊறும், மாதவிலக்கு ஒழுங்காகும்" என்று கடைக்காரர் டொங் குவாய் என்ற வேரை எடுத்தார். பிறகு என் பக்கம் குனிந்தார். "வயிற்றில் பிள்ளை இருந்தால் குடிக்கக் கூடாது. அம்மாவிடம் கேள்."

பக்கத்தில் அப்பா நின்றார். அவருக்கு முன்னால் அதை எப்படிக் கேட்பது?

"என்னவாம், பிள்ளை?" என்றார் அப்பா என்னிடம்.

"அவிச்சுக் குடிக்கட்டாம்" என்றேன். கடைக்காரரிடம் திரும்பி, "இல்லை" என்றேன்.

குளிருக்கு ஜன்னல்களை அடைத்திருந்த எங்கள் ஒற்றை அறையில் பத்து நாள் அந்த வேர் கொதித்தது. மூச்சு விட வேறு காற்றில்லை. பதினோராம் நாள், உடுப்புக் கூடையைத் தூக்கிய கையோடு அம்மாவுக்கு இரத்தம் போனது.

ஆஸ்பத்திரியில் டொக்டர், "அம்மா ஏதாவது மருந்து குடித்தாரா?" என்று என்னைத்தான் கேட்டார். "இல்லை" என்றேன். பிள்ளை கலைந்துவிட்டதையும் நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன்.

இன்று வீட்டுக்கு வந்தபோது அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நான் அந்த உடுப்புக் கூடையைத் தூக்காமல் விட்டிருந்தால், உனக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ இருந்திருக்கும்" என்றார், வழக்கம்போல.

"ஓம் அம்மா" என்றேன், வழக்கம்போல.