சிவப்பு மிதவை

துறைமுகத்தில் அவளை எல்லோரும் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். போலீஸுக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எதை வாங்கினாலும் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, கடைக்காரரை ஒருவழியாக்கிவிட்டுத்தான் வாங்குவாள் என்பதால் வந்த பட்டம் அது. தண்ணீருக்குள் விழுந்ததை எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். நங்கூரம், படகு இன்ஜின், சங்கிலி என்று எது விழுந்தாலும் காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். கீழே கிடப்பதைத் தூக்குப் பையில் கட்டி, பைக்குள் காற்றை நிரப்பினால் அது பாரத்தோடு மேலே போய்விடும். மேலே படகில் காத்திருப்பவர் அவள் கணவர். அவர் உண்டு, படகு உண்டு, அதிகம் பேசாத ஆசாமி.

பழைய பை கிழிந்துபோனதும் அவள் முக்குளிப்புச் சாமான் விற்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய பையை எடுத்து விரித்தார்.

"இதை எடுத்துக்கங்க அக்கா. பெருசா இருந்தா எல்லாத்துக்கும் ஆகும்."

"வளர்ற பிள்ளைக்குச் சட்டையா எடுக்கிறேன்? சின்ன பாரத்தை இதுல கட்டினா கையில நிக்காது. பாணம் மாதிரி பிச்சுக்கிட்டுப் போகும், என்னையும் சேர்த்து இழுத்துக்கிட்டு."

தான் வழக்கமாகத் தூக்கும் பாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிற பையாகப் பார்த்தாள். காற்றை இறக்கிவிடும் கயிறு கைக்கு எட்டுகிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்து, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அந்த அளவில் மஞ்சள்தான் இருந்தது. பைக்கு நிறம் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

நிறத்துக்கான சண்டையெல்லாம் மிதவைக்கு. நீரோட்டம் அவளை எங்கே இழுத்துப் போனாலும், "நான் இங்கே இருக்கிறேன்" என்று படகுக்குக் காட்டுவது அதுதான். ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் காற்றுக் குழாய். அலையில் சாய்ந்தாலும் காற்று வெளியேறாமல் இருக்க வாய் மூடியதாக வேண்டும், கீழிருந்து அதைப் பிடித்துக்கொள்ளும் நூலைச் சிக்காமல் சுற்றிவைக்க ஓர் உருளை வேண்டும். இதெல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. சிவப்பா, ஆரஞ்சா, மஞ்சளா என்பதில்தான் அவள் உட்கார்ந்துவிட்டாள். மூன்றையும் ஊதி, படகுத்துறையின் ஒரு முனையில் மிதக்கவிட்டு, மறுமுனைக்குக் கணவரை அழைத்துப் போனாள்.

"எது நல்லா தெரியுது, சொல்லுங்க."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எல்லாமே நல்லாத்தான் இருக்கு. உனக்கு எது பிடிச்சிருக்கோ அதையே வாங்கு."

நல்ல கணவர்கள் காலங்காலமாகச் சொல்லும் பதில். இவரைக் கேட்டதே தப்பு என்று அவள் தானே முடிவெடுத்தாள். பச்சைத் தண்ணீரில் நெருப்பு மாதிரி தெரிந்தது சிவப்பு. கடைக்காரர் மஞ்சளைச் சிபாரிசு செய்ததற்கு, "கடல்ல வாழைப்பழம் மிதக்கிற மாதிரி இருக்கு" என்று வாயை அடைத்தாள். கூடவே ஒரு விசிலும், உள்ளங்கை அளவு கண்ணாடியும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்து வந்த வேலை, துறைமுகத்துக்கு வெளியே அறுந்து விழுந்த ஒரு நங்கூரம். கட்டினாள், காற்றை நிரப்பினாள். மஞ்சள் பை குலுங்காமல் மேலே போனது. அதற்குள் நீரோட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. மிதவையை ஊதி மேலே அனுப்பி, பின்னாலேயே அவளும் ஏறினாள். தலையைத் தூக்கிப் பார்த்தால், படகு மஞ்சள் பையை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருந்தது. கணவர் நங்கூரத்தை ஆசையோடு படகில் கட்டினார். பிறகு நிமிர்ந்து நாலாபக்கமும் பார்த்தார். அவள் இருந்த பக்கமும் பார்த்தார். நெருப்பு மாதிரி நின்ற மிதவையின் மேல் அவர் பார்வை விழுந்தது, அப்படியே நகர்ந்து போனது.

விசில் அடித்தாள். இன்ஜின் சத்தத்தில் அது கரைந்துபோனது. படகு மறுபக்கம் திரும்பத் தொடங்கியது. அவள் கண்ணாடியை எடுத்து, வெயிலைப் பிடித்து அவர் முகத்தில் அடித்தாள். படகு திரும்பி வந்தது.

"நங்கூரம் தெரிஞ்சுது, பெண்டாட்டி தெரியலையா?" என்று ஏறியதும் கத்தினாள். அவர் முகம் வெளிறிக் கிடந்தது. அவள் மிதவையை அவர் முன்னால் போட்டாள். "இது என்ன நிறம்?"

"சிவப்பு."

"கண்ணால பார்த்துச் சொல்றீங்களா, நான் சொன்னதை வச்சுச் சொல்றீங்களா?"

அவர் இன்ஜினை அணைத்தார். "நீ சொன்னதை வச்சுத்தான். என் கண்ணுக்கு அது நனைஞ்ச கட்டை மாதிரி இருக்கு. தண்ணியோட தண்ணியா போயிடுது."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். உன்னை முதல்ல பார்த்த அன்னைக்கு, உன் சட்டை நிறம் உனக்கு ரொம்ப எடுப்பா இருக்குன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். அப்புறம் எப்படி மாத்திப் பேசுறது?"

"அப்போ நான் பார்த்துப் பார்த்து அடுப்படிக்கு அடிச்ச பச்சை?"

"அது பச்சையா?"

கோபத்தைப் பிடித்து வைக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, கொஞ்சம் அழுகையும் அதோடு சேர்ந்துகொண்டது. வாங்குகிற பொருளையெல்லாம் சோதித்தவள், அதைப் பார்க்கப்போகிற கண்ணைச் சோதிக்காமல் விட்டிருந்தாள்.

மறுநாள் கடைக்குப் போய் மஞ்சள் மிதவை கேட்டாள்.

"சிவப்புதான் உசத்தின்னு என்னோட மல்லுக்கு நின்னீங்களே அக்கா?"

வீட்டுச் சங்கதியைக் கடையில் விரிக்க அவளுக்கு மனசில்லை. "அனுபவம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "இன்ஸ்பெக்டரே மஞ்சளுக்கு மாறிட்டாங்க" என்று கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவள் மாறினால் அதில் விஷயம் இருக்கும் என்று, முக்குளிக்கிறவர்கள் ஆளாளுக்குச் சிவப்பைத் தூக்கி மூலையில் போட்டார்கள். கொஞ்ச நாளில் துறைமுகத் தண்ணீர் முழுக்க மஞ்சளாகிவிட்டது.

ஒருநாள் அவள் வேலை முடித்து மேலே வந்தபோது, படகில் அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு கப்பல் அடிப்பாகம் சுரண்டும் தடியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவள் பிளாஸ்க்கிலிருந்து அவள் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்க்கா. என் மஞ்சள் மிதவையைப் பார்த்ததும், எங்க படகு வர்றதுக்கு முன்னாடி இவரே வந்து தூக்கிட்டார்."

கணவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அவள் தன் மிதவையின் உச்சியில் கறுப்பு நாடாவை அகலமாக ஒட்டி, அதை அவருக்கு எட்ட நின்றும் கிட்ட நின்றும் காட்டி, திருப்தியான பிறகுதான் மடித்து வைத்தாள்.

அதற்கடுத்த முறை மிதவையையும் கையில் எடுத்துக்கொண்டு உருளைக்கு நூல் வாங்கப் போனபோது, கடைக்காரரின் கண் அந்த நாடாவில் போய் நின்றது.

"இது எதுக்குக்கா?"

"கிழிஞ்சிருந்தது, ஒட்டியிருக்கேன்" என்றாள் அவள்.

கடைக்காரர் நம்பாமல் தலையாட்டினார். அவள் வாசலைத் தாண்டுவதற்குள், கடையில் கறுப்பு நாடா எத்தனை இருக்கிறது என்று எண்ணத் தொடங்கியிருந்தார்.